பத்து நாள் விடுப்பில் ஓர் ஒயர் கூடையும் ஒரு குக்கர் கேக்கும்

‘விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்பவர்கள் அங்கே பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்? மகிழ்ச்சி தந்த சின்னச் சின்ன வேலைகள் எவை?’ என்பது கேள்வி. எனக்கு ஊர் தூத்துக்குடி, வேலை சென்னையில். சென்ற டிசம்பரில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முத்துநகர் விரைவு ரயிலில் போய் விடியற்காலையில் இறங்கினேன். ஊர் சுற்றும் எண்ணமும் இல்லை, மழை அதற்கு இடம் கொடுக்கவும் இல்லை. ஒரு கூடை பின்னினேன், ஒரு கேக் செய்தேன், ஒரு தட்டு மக்ரூன் இனிப்பைக் கெடுத்தேன்.

கூடை என்றால் ஒயர் கூடை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு தடை விதித்தபோது, கடைக்காரர் பை தர மாட்டேன் என்கிறாரே என்று தெருவே முணுமுணுக்க, அம்மா பரணிலிருந்து தம்முடைய பழைய பச்சைக் கூடையை இறக்கித் துடைத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டார். ஒயரும் பிளாஸ்டிக்தானே என்று நான் கேட்டதற்கு, ‘இதுக்கு உன் வயசு. இன்னும் ஒரு முடிச்சு விடலை’ என்று பதில் வந்தது. அந்தக் கூடையின் கைப்பிடி சென்ற ஆண்டுதான் இற்றுப்போனது. அதற்குப் பதிலாக நீலமும் வெள்ளையுமாக ஒரு புதுக் கூடையைத் தொடங்கி, அடிப்பாகமும் ஆறு வரிசையும் போட்டு, கண் மங்குகிறது என்று கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தார். அதை நான் எடுத்துக்கொண்டேன்.

சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுகளுக்குப் பெயர் பல உண்டு. எனக்குத் தெரிந்தது சாதா முடிச்சு ஒன்றுதான், அதுவும் பள்ளிக்கூட நாளில் கற்றது. நல்லவேளையாக அம்மா தொடங்கியிருந்ததும் அதுவே. எட்டு முழத் துண்டுகளாக வெட்டி நடுவில் மடித்த ஒயர்கள் அடிப்பாகத்திலிருந்து நாலாபுறமும் சிலிர்த்துக்கொண்டு நிற்க, அவற்றோடு ரன்னிங் ஒயரை (சுற்றிலும் ஓடும் நீள ஒயர்) சேர்த்து முடிந்துகொண்டே சுற்றிவர வேண்டும். முடிச்சைப் போடுவது எளிது. ஒரே இறுக்கமாகப் போடுவதுதான் வித்தை. இரண்டு நாளிலேயே கட்டைவிரலும் சுட்டுவிரலும் சிவந்து, சாம்பார்ச் சாதம் பிசையும்போது எரிந்தன. மூன்றாம் நாள், கூடையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அம்மா, ‘ஏட்டி, என் வரிசையில தண்ணிகூட நிக்கும், உன் வரிசையில உள்ளி (வெங்காயம்) எட்டிப் பாக்குது’ என்றார்.

அவர் சொன்னது சரிதான். தளர்வான முடிச்சு கூடுதல் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சுற்றளவு கூடுகிறது. ஆகவே அம்மா பின்னிய ஆறு வரிசை சுவர்போல நேராக எழும்ப, அதற்குமேல் என் கை பட்ட இடமெல்லாம் புனல்போல விரிந்துகொண்டே போனது. இரண்டு வரிசையைப் பிரித்துத் திரும்பப் போட்டும் பயனில்லை. ஒருமுறை மடங்கிய ஒயர் அந்த மடிப்பை மறப்பதில்லை. மீண்டும் முடியும்போது பழைய தழும்பும் புது மடிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் முன்னிலும் அசிங்கமாயிற்று. சரி, விரிந்தால் விரியட்டும் என்று மேலே போய்விட்டேன்.

கேக்குக் கதை இதைவிடச் சுமுகமானது. எங்கள் வீட்டில் கேக் வேகவைக்கும் ஓவன் கிடையாது. பழைய அலுமினியக் குக்கரின் அடியில் இரண்டு கைப்பிடி கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு பிரிமனைத் தட்டை வைத்து, மூடியிலிருந்து கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, பத்து நிமிடம் வெறுமனே சூடாக்கி, பிறகு மாவுப் பாத்திரத்தை உள்ளே இறக்கிச் சிறுதீயில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் விட்டால் கேக் வெந்துவிடும். உப்பு சூட்டை வாங்கிச் சீராகப் பரப்புவதால் அடி கருகுவதில்லை. கேஸ்கெட் இல்லாததால் நீராவி தங்காமல் வெளியேறிவிடுகிறது. சிலர் மணல் போடுவார்கள். உப்பளங்களுக்கு நடுவே பிறந்த எங்களுக்கு மணலைத் தேடிப் போக வேண்டிய அவசியம் என்ன? (அந்த உப்பைக் குழம்புக்குப் போடாமல் அடுத்த கேக்குக்கென்று தனி டப்பாவில் எடுத்து வையுங்கள். நல்ல குக்கரை இதற்குப் பலி கொடுக்கவும் வேண்டாம். வெறுஞ்சூட்டில் பாத்திரம் கெடும்.)

ஆனால் கேக் என் முதல் திட்டமே அல்ல. நான் ஆசைப்பட்டது தூத்துக்குடி மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி என்று மூன்றே பொருள்கள் என்பதால் துணிந்துவிட்டேன். நான்கு முட்டையின் வெள்ளைக்கருவைக் கையாலேயே அடித்து, பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் நுரை விழாத பதத்துக்குக் கொண்டுவந்து, முந்திரித் தூளை மெல்லக் கலந்து, காகிதக் கூம்பிலிருந்து தட்டில் பிழிந்து குக்கரில் வைத்தேன். மக்ரூனுக்கு வேண்டியது உலர்ந்த, மெதுவான சூடு. வெயிட் இல்லாவிட்டாலும் மூடிய குக்கருக்குள் ஈரம் கொஞ்சமேனும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வெளியிலோ, உப்பு அம்பாரங்களையே போர்த்தி மூடச் செய்கிற மழைக்காலக் கடற்காற்று. முக்கோணமாக நின்றவை அமுங்கிப் பல்லில் ஒட்டும் மிட்டாயாகிவிட்டன. ‘பேக்கரிக்காரன் பிழைக்க வேண்டாமா?’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மிஞ்சிய நான்கு மஞ்சள்கருவை அம்மா மூடி வைத்தார்.

கேக் பிறந்தது அந்த மஞ்சள்கருவை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான். வெண்ணெய், சர்க்கரை, மைதா மூன்றும் 200 கிராம் வீதம் எடுத்து, அந்த நான்கு மஞ்சள்கருவோடு இரண்டு முழு முட்டையும் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சிறிது பாலும் சேர்த்தேன். வெந்ததா என்று விளக்குமாற்று ஈர்க்குச்சியை (புதியது, கழுவியது) குத்திப் பார்த்தார் அம்மா. மாவு ஒட்டாமல் வந்தது. மஞ்சள்கரு கூடியதால் நிறம் கதம்பச் செவ்வந்திபோல் இருந்தது. எதிர்வீட்டு ஆச்சி ஒரு துண்டைக் கருப்பட்டிக் காப்பியில் தோய்த்துத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டைப் பேரனுக்கென்று கேட்டு வாங்கி, படியிறங்குவதற்குள் அதையும் தின்றுவிட்டார். மழையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் பத்து நாளில் எனக்குப் பிடித்த பொழுது.

கூடைக்கு ஒன்பதாம் நாள் இரவு கைப்பிடி சுற்றினோம். அதை மட்டும் அம்மா என் கையில் விடவில்லை. நான் சென்னைக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசும்போது, கூடையைப் பற்றி நானாகக் கேட்கத் தயங்கிக்கொண்டிருக்க, அவரே ஆரம்பித்தார்: ‘வாய் அகண்டு போச்சுன்னு நெனைச்சேன்லா, அதுவும் ஒரு தோதாத்தான் இருக்கு. நேத்து தடியங்காய் (வெண்பூசணி) முழுசா உள்ள போயிட்டு.’