2005-க்கு முன் தந்தை இறந்திருந்தால் மகளுக்குப் பங்கு கிடையாதா?

கேள்வி: எனக்கு 1986-இல் திருமணம் ஆனது. அப்பா 1999-இல் உயில் எழுதாமல் காலமானார். 1950-இல் இறந்த தாத்தா வழியில் வந்த பூர்வீக நஞ்சை, பாகம் பிரிக்கப்படாமல் அண்ணன்களின் அனுபவத்தில் இருக்கிறது. "சட்டம் 2005-இல்தான் வந்தது, உங்களுக்குப் பங்கில்லை, கோர்ட் சொல்வதெல்லாம் சட்டமாகாது" என்று கூறும் பத்திர எழுத்தர், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள், அம்மா. பங்கே இல்லாதவரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்க யாரும் முத்திரைத்தாள் வாங்க மாட்டார்கள்.

சட்டம் இயற்றுவது நாடாளுமன்றம். அதன் வாசகத்துக்கு என்ன பொருள் என்று ஐயம் எழுந்தால் முடிவு சொல்வது நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் சொன்ன பொருள், அரசமைப்புச் சட்டத்தின் 141-ஆவது பிரிவின்படி எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அந்தப் பொருள் பிடிக்கவில்லையென்றால் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தலாமே தவிர, பத்திர எழுத்தர் திருத்த முடியாது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்த தமிழ்நாட்டின் 1989 திருத்தம், 25.3.1989-க்கு முன் மணமான மகள்களை ஒதுக்கிவிட்டது. 9.9.2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஆனால் அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருக்க வேண்டுமா என்பதைத் திருத்தத்தை எழுதியவர்கள் தெளிவாகச் சொல்லவில்லை. 2015-இல் பூலாவதி வழக்கில் இரு நீதிபதிகள் "வேண்டும்" என்றனர். 2018-இல் தானம்மா வழக்கில் வேறு இரு நீதிபதிகள், 2001-இலேயே இறந்துவிட்டவரின் மகள்களுக்குப் பங்கு கொடுத்தனர். ஒற்றை வரியில் தீர்த்திருக்கக்கூடிய ஐயத்துக்காக எத்தனை பெண்கள் வாய்தாவுக்கு அலைந்தார்கள் என்பதை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. கடைசியில் 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள், மகளின் உரிமை பிறப்பால் வருவது, தந்தை 9.9.2005 அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு கட்டினார்கள். பழைய விளக்கமே நீடித்திருந்தாலும், 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பாவின் பாகத்தில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு என்பதை அந்த எழுத்தர் சொல்லியிருக்க மாட்டார்.

நீங்கள் கவனிக்க வேண்டிய விலக்கு ஒன்று இருக்கிறது. 20.12.2004-க்கு முன் முறையாகப் பாகம் பிரிந்திருந்தாலோ, நிலம் விற்கப்பட்டிருந்தாலோ அதை இப்போது கலைக்க முடியாது. பாகப்பிரிவினை என்றால் பதிவு செய்த பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை. வழக்கு வந்தபின் பெட்டியிலிருந்து எடுத்து நீட்டப்படும் பதிவில்லாத கூர்சீட்டும் (யாருக்கு எந்தப் பங்கு என்று எழுதிய தாள்), "ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வாயால் பிரித்துக்கொண்டோம்" என்ற கதையும் பொதுவாக எடுபடாது. அன்றே எழுந்த அரசு ஆவணங்கள் அதை உறுதிப்படுத்தினால் மட்டுமே, அதுவும் அரிதாக, நீதிமன்றம் ஏற்கும். பட்டா அண்ணன்கள் பெயரில் இருப்பது மட்டும் பாகப்பிரிவினை ஆகாது.

ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்களுக்கு வில்லங்கச் சான்று எடுத்து, 2004 டிசம்பருக்கு முன் பாகப்பிரிவினையோ கிரயமோ பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவும் இல்லையென்றால், பங்கு கேட்டு வழக்கறிஞர் மூலம் அண்ணன்களுக்கு அறிவிப்பு அனுப்புங்கள். அதுவரை "பட்டா மாற்றத்துக்குத்தான்" என்று சொல்லி நீட்டும் எந்தத் தாளிலும், பொது அதிகாரப் பத்திரம் உட்பட, கையெழுத்திட வேண்டாம்.