பொறியாளர் வேலைக்கு ரெஸ்யூமே எப்படி எழுதுவது? முப்பது இடத்துக்குப் போட்டும் ஒரு அழைப்புகூட வரவில்லை

நீங்கள் கேட்டிருப்பது இது: இந்தியாவில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியர்களுக்கான வேலை அனுமதி) சிங்கப்பூர் வந்து நான்கு வருடமாகப் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறீர்கள். இதைவிட நல்ல பொறியாளர் வேலைக்கு முப்பது இடத்துக்கு மேல் விண்ணப்பித்தும் பதில் இல்லை. ரெஸ்யூமேயில் எங்கே தப்பு?

உங்கள் ரெஸ்யூமேயை நான் பார்த்ததில்லை. ஆனால் இங்கே இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டடச் சேவை, ஆலைப் பராமரிப்பு என்று வேலை பார்க்கிறேன். கடந்த எட்டு வருடமாக ஆள் எடுக்கும் பக்கத்திலும் உட்காருகிறேன். ஒரு பதவிக்கு அறுபது, எழுபது விண்ணப்பம் வரும். பாதிக்கு மேல் ஒரே ஆள் எழுதிய மாதிரி இருக்கும். முதல் சுற்றில் ஒன்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் என்னால் ஒதுக்க முடிவதில்லை. வேண்டாம் என்று தள்ளிவைத்த விண்ணப்பங்களில் நல்ல வேலைக்காரர்கள் இருந்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அது மனதை உறுத்தும்.

போன வருடம் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு கோப்பிக்கடைக்கு ரெஸ்யூமேயோடு வந்தான். நான்கு பக்கம். அப்பா பெயர், பிறந்த தேதி, கல்யாணம் ஆகவில்லை என்ற தகவல், பாஸ்போர்ட் எண், புகைப்படம், கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும். அனுபவம் என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'ரெஸ்பான்சிபிள் ஃபார் ப்ரிவென்டிவ் அண்ட் கரெக்டிவ் மெயின்டனன்ஸ் ஆஃப் பம்ப்ஸ், சில்லர்ஸ் அண்ட் கூலிங் டவர்ஸ்.'

"இதை விடு. நீ சரி பண்ணின ஒரு பிரச்சினையச் சொல்லு. தமிழ்லயே சொல்லு" என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்லண்ணே. ஒரு பம்ப் மட்டும் ரொம்பப் படுத்துச்சு."

அந்தப் பம்ப் கதை கால் மணி நேரம் ஓடியது. கூலிங் டவருக்குத் தண்ணீர் அனுப்பும் கண்டென்சர் நீர் பம்ப். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரிங் போகும். பேரிங் கம்பெனியை மாற்றினார்கள், கிரீஸை மாற்றினார்கள். லேசர் வைத்து அலைன்மென்ட் (பம்பின் தண்டும் மோட்டாரின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று) பார்த்தால் அன்றைக்குச் சரியாக இருக்கும், ஒரு வாரத்தில் மறுபடி விலகிவிடும். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திய ஒரு ஷட்டவுன் நாளில் இவன் உறிஞ்சு குழாயின் ஃபிளாஞ்ச் (குழாயைப் பம்போடு இணைக்கும் வளையம்) போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்திருக்கிறான். கடைசி போல்ட் கழன்றதும் குழாய் ஒரு விரல் அளவுக்குக் கீழே இறங்கி நின்றது. குழாயைத் தாங்கவேண்டிய சப்போர்ட் துருப்பிடித்து உட்கார்ந்துபோய், குழாயின் மொத்த எடையும் பம்பின் மேல் தொங்கியிருக்கிறது. சூப்பர்வைசரிடம் காட்டி, சப்போர்ட்டை மாற்ற வைத்து, ஃபிளாஞ்ச் இழுக்காமல் தானாகப் பொருந்துகிறதா என்று பார்த்துப் பூட்டி, மறுபடி அலைன்மென்ட் செய்தான். அதிர்வு நொடிக்கு 7 மில்லிமீட்டரிலிருந்து 2-க்கு இறங்கியது. அதற்குப் பிறகு 14 மாதம் அந்தப் பம்புக்குப் பேரிங் மாற்றவே இல்லை.

"இது எங்கடா ரெஸ்யூமேல?"

"அது நம்ம வேலைதானேண்ணே."

அவனுடைய பிரச்சினை, நம் ஆட்கள் நிறையப் பேருடைய பிரச்சினை, இதுதான். செய்த வேலை தலைக்குள் தமிழில் இருக்கிறது. ரெஸ்யூமே எழுத உட்கார்ந்ததும் அதை ஓரமாக வைத்துவிட்டு, நண்பனின் ரெஸ்யூமேயிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஆங்கில வாக்கியங்களை எடுத்துக்கொள்கிறோம். அந்த வாக்கியம் பதவியைச் சொல்கிறது. அந்தப் பதவியில் யார் இருந்தாலும் அதே வாக்கியம் பொருந்தும். படிக்கிற எனக்கு உங்களைத் தெரிந்துகொள்ள அதில் எதுவுமே கிடைப்பதில்லை.

அதனால் நான் சொல்லும் வழி இது. கணினியைத் திறக்காதீர்கள். தொழில் தெரிந்த நண்பர் ஒருவரிடம், ஆள் இல்லையென்றால் கைபேசியில் பதிவு போட்டு, நான்கு வருடத்தில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த ஐந்து பிரச்சினைகளைத் தமிழில் சொல்லுங்கள். நீங்கள் போனபோது நிலைமை என்ன, மற்றவர்கள் என்ன முயன்றார்கள், நீங்கள் எதைப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தீர்கள், செய்த பிறகு என்ன மாறியது. பிறகு அதைக் கேட்டுக்கொண்டே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதுங்கள். இலக்கணத்தைத் திருத்த சாட்ஜிபிடியிடம் கொடுங்கள், தப்பே இல்லை. ஆனால் வேலையை அதனிடம் கேட்காதீர்கள். உங்கள் பம்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அந்தப் பையனுக்கு நாங்கள் எழுதிய வரி ஏறத்தாழ இப்படி இருந்தது: 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரிங் பழுதான கண்டென்சர் நீர் பம்ப், உறிஞ்சு குழாயின் எடை பம்பின் மேல் இறங்குவதைக் கண்டறிந்து சப்போர்ட்டை மாற்றச் செய்து அலைன்மென்ட் செய்தேன், அதிர்வு 7-லிருந்து 2, 14 மாதம் பழுதில்லை.' இதே போல இன்னும் மூன்று வரி. அவனுடைய நான்கு பக்கத்தைவிட இந்த நான்கு வரியில் விஷயம் அதிகம்.

'எங்களிடம் அப்படி எண் எதுவும் இல்லையே' என்பீர்கள். இருக்கும். பராமரிப்புப் பதிவேட்டில், வேலை ஆணைகளில், உதிரிபாகம் எடுத்த கணக்கில் இருக்கும். எத்தனை முறை நின்றது, எத்தனை மணி நேரம் நின்றது, ஷட்டவுன் எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை பேரை வைத்து முடித்தீர்கள். வாடிக்கையாளரின் உற்பத்தி அளவு போன்ற ரகசிய எண்ணை எழுதவே கூடாது. அந்த இடத்தில் 'பாதியாகக் குறைந்தது' என்று விகிதமாகச் சொன்னால் போதும். உண்மையிலேயே எண் இல்லையென்றால் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: 'அதற்குப் பிறகு அந்த அலாரம் வரவில்லை.' ஒன்று மட்டும் செய்யாதீர்கள். '30 விழுக்காடு திறன் உயர்த்தினேன்' என்று காற்றிலிருந்து ஒரு எண்ணைப் பிடித்துப் போடாதீர்கள். எதிலிருந்து எதற்கு, எப்படி அளந்தீர்கள் என்பதுதான் என் அடுத்த கேள்வியாக இருக்கும்.

அடுத்து 'நான்' என்ற சொல். தன்னைப் பற்றிப் பேசுவது தற்பெருமை என்று சொல்லியே நம்மை வளர்த்திருக்கிறார்கள். அதனால் 'செய்தோம்', 'செய்யப்பட்டது' என்று எழுதி ஆளையே மறைத்துவிடுகிறோம். குழுவாகச் செய்ததைக் குழு என்றே சொல்லுங்கள். அதில் உங்கள் கை பட்ட இடம் எது என்பதையும் சொல்லுங்கள். 'ஆறு பேர் குழுவில் அதிர்வு அளவீடும் காரண ஆய்வும் என்னுடையவை' என்று எழுதினால் அதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

திறன் பட்டியல் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். வேலைக்கு வந்த மூன்றாவது வருடம், பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) புரோகிராமிங் தெரியும் என்று எழுதியிருந்தேன். உண்மையில் வெண்டர் ஆள் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததுதான். நேர்காணலில் ஒருவர் பென்சிலை என் பக்கம் தள்ளி, இரண்டு பம்ப் மாறி மாறி ஓட ஒரு லேடர் (பிஎல்சிக்கான கட்டளை வரைபடம்) வரைந்து காட்டச் சொன்னார். முடியவில்லை. அதற்குப் பிறகு நான் உண்மையாகவே நன்றாகத் தெரிந்து சொன்ன பதில்களையும் அவர் நம்பவில்லை. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: பத்து நிமிடம் நின்று பேச முடியாத எதையும் பட்டியலில் வைப்பதில்லை. 'பழுது பார்க்க லேடர் படிக்கத் தெரியும், எழுதியதில்லை' என்று எழுதினால் அதற்கும் மதிப்பு உண்டு.

துறைக்குத் துறை நாங்கள் தேடுவது வேறு. கட்டடக் குளிரூட்டல் என்றால் ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்ற கேள்வி வராமல் போகாது. உங்கள் ஆலையின் அளவு என்ன, அதைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கச் சில்லு ஆலைகளுக்கு என்றால் இயந்திரம் நின்ற நேரம், பழுதுக்கும் பழுதுக்கும் இடைப்பட்ட காலம், எஸ்பிசி எனும் புள்ளியியல் வழித் தரக் கட்டுப்பாடு. ஜூரோங் தீவு ரசாயன ஆலைகள் என்றால் ஷட்டவுன் அனுபவமும் பாதுகாப்பு அனுமதிமுறையும் முதலில் கண்ணில் படவேண்டும். சிவில்காரர்கள் எந்த விதித்தொகுப்பில் வடிவமைத்தார்கள் என்று எழுதவேண்டும். இங்கே பிரிட்டிஷ் தர விதிகள் போய் 2015 ஏப்ரலிலிருந்து யூரோகோடு எனும் ஐரோப்பிய விதிகள்தான். இந்தியாவில் ஐஎஸ் 456 வைத்து கான்கிரீட் வடிவமைத்தவர் அதை மறைக்கவேண்டாம்; கான்கிரீட்டுக்கான யூரோகோடு 2-ஐப் படித்து ஒரு உத்தரத்தையாவது இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்திருந்தால் அதையும் சேர்த்து எழுதட்டும். மின்துறையில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இருந்தால் அதன் வகையைப் பெயருக்கு அடுத்த வரியிலேயே போடுங்கள். மூன்றாம் பக்கத்தில் புதைத்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ரெஸ்யூமேயின் தொடக்கத்தில் 'புரொஃபஷனல் இன்ஜினியர்' என்று பொதுவான அர்த்தத்தில் எழுதிவிடாதீர்கள். இங்கே அது நிபுணத்துவப் பொறியாளர் வாரியத்தில் பதிவு பெற்றவர்களுக்குச் சட்டப்படி உரிய பெயர். 'மெக்கானிக்கல் இன்ஜினியர்' என்றாலே போதும்.

அமைப்பு: இரண்டு பக்கம், ஒரே நிரல், சாதாரண எழுத்துரு. இரண்டு நிரல், கட்டம், ஐந்து நட்சத்திரத்தில் நான்கு என்ற மாதிரிப் படங்கள் வேண்டாம். விண்ணப்பங்களை வாங்கும் மென்பொருள் பல நேரம் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. சமீபத்திய வேலை மேலே. பயோடேட்டா காலத்து அப்பா பெயர், மதம், திருமண நிலை, புகைப்படம், பாஸ்போர்ட் எண், ஃபின் எண் (வெளிநாட்டவருக்கான அடையாள எண்) எதுவும் தேவையில்லை. உறுதிமொழியும் தேவையில்லை. ஆனால் இப்போது எந்த பாஸில் இருக்கிறீர்கள், எவ்வளவு நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்ற இரண்டையும் எழுதுங்கள். எப்படியும் கேட்பார்கள்.

பாஸ் விஷயத்தை ரெஸ்யூமே தீர்மானிக்காது, ஆனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எஸ் பாஸ் இப்போதைய முதலாளியோடு கட்டுப்பட்டது. புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்கவேண்டும். அதற்கு முன் பொதுவாக அந்த வேலையை மைகேரியர்ஸ்ஃப்யூச்சர் என்ற அரசு வேலைத் தளத்தில் 14 நாளாவது விளம்பரப்படுத்தியிருக்கவேண்டும். ஆகவே இரண்டு வாரம் பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எஸ் பாஸுக்கு மேல்படியான எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்றால் 2025 ஜனவரியிலிருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 5,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வயது ஏற ஏற அதுவும் ஏறும். அதற்கு மேல் காம்பஸ் என்ற புள்ளிக் கணக்கு முறையில் பொதுவாக 40 புள்ளி வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து அந்த விண்ணப்பத்தில் காட்டும் பட்டயம், பட்டம் எல்லாவற்றுக்கும் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள். எனவே படிப்பின் பெயரும் வருடமும் சான்றிதழில் உள்ளபடியே ரெஸ்யூமேயிலும் இருக்கட்டும். மனிதவள அமைச்சுக்குப் போகும் விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எந்த ஏஜென்ட் 'கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கலாம்' என்றாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம், முப்பது இடத்துக்கு ஒரே ரெஸ்யூமேயை அனுப்பாதீர்கள். வாரத்துக்கு நான்கு இடம் போதும். விளம்பரத்தை நிதானமாகப் படித்து, உங்கள் ஐந்து கதைகளில் அந்த வேலைக்குப் பொருந்துவதை மேலே கொண்டுவந்து அனுப்புங்கள்.

அந்தப் பையன் புது ரெஸ்யூமேயை ஒன்பது இடத்துக்கு அனுப்பினான். இரண்டு அழைப்பு வந்தது. முதல் நேர்காணல் முடிந்து எம்ஆர்டி நிலையத்தில் நின்றுகொண்டே எனக்கு போன் போட்டான். "அண்ணே, அரை மணி நேரம் அந்தப் பம்ப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க. ஃபிளாஞ்சைக் கழட்டணும்னு உனக்கு எப்படித் தோணுச்சுன்னு கேட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் தடுமாறவே இல்லண்ணே."