சென்னை வேலையை விட்டுவிட்டு டெல்டா பக்கம் மாதம் 12,000 ரூபாயில் வாழ முடியுமா? இருப்பதற்கு நன்றியோடு இருந்தால் நிறைவு வந்துவிடுமா?

கேள்வி கேட்டவர் கும்பகோணமா, தஞ்சாவூரா, எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. வயதும் போடவில்லை. முப்பதைத் தாண்டியிருக்காது, கல்யாணம் ஆகியிருக்காது, கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும் என்று நானாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றால் திட்ட வேண்டாம்.

12,000 என்ன, அதைவிடக் குறைவாக வந்த மாதங்களிலும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்திருக்கிறது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனத்தில் ஒரு கிராமம். வீட்டுக்காரர் ஆறு மா குத்தகைக்குச் செய்கிறார். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வீட்டிலேயே தைக்கிறேன். இரண்டு பெண்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வாழ்க்கை எங்கள் சாமர்த்தியத்தில் மட்டும் ஓடவில்லை. 2011 ஜூனில் இருந்து ரேஷன் அரிசிக்குக் காசு கிடையாது. 2021 மே மாதத்தில் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. லைனிங் துணியும் நூல்கண்டும் வாங்க மன்னார்குடி போய்வருகிற காசு எனக்கு மிச்சம். 2023 செப்டம்பரில் இருந்து மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை. "இலவசத்தில் வாழ்ந்துகொண்டு பேச்சைப் பாரு" என்று கேட்க வருகிறவர்கள், நாங்கள் 40 கிலோ சிப்பமாகக் கட்டிக் கொடுக்கிற நெல்தான் அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகிறது என்பதையும் நினைத்துக்கொண்டு கேட்கவும்.

இனி நன்றி. அந்தப் பேச்சை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது என் நாத்தனார். தாம்பரத்தில் இருக்கிறாள். ஏதோ வகுப்புக்குப் போய்வந்தவள், "அண்ணி, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மூணு நல்ல விஷயம் எழுதிவைங்க. ரெண்டே வாரத்துல மனசு லேசாயிடும்" என்று சொல்லி, அட்டையில் பூப்போட்ட நோட்டு ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவள் சொன்ன நேரம் அப்படி.

அது 2023. ஜூன் 12 வழக்கம்போல மேட்டூர் அணையைத் திறந்தார்கள். வந்த தண்ணீர் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களுக்கு, போதவில்லை, எங்கள் பக்கத்துக் குறுவை நெல் கண்ணெதிரே கருகியது. அக்டோபர் 10-ஆம் தேதி அணையையே மூடிவிட்டார்கள். அடுத்த போகமான சம்பா நெல் மழையை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் எங்கள் ஊரில் எப்போதுமே கை வறண்டிருக்கும். அந்த வருஷம் நகையும் வங்கியில். தீபாவளிக்கு வந்த தையல் கூலி மளிகைக்கடை பாக்கிக்கே சரியாகப் போனது.

அந்தப் பூப்போட்ட நோட்டில் நான் எழுதியது இப்படி இருக்கும்: எதிர் வீட்டுப் பெரியம்மா, உழக்கு நல்லெண்ணெய். வடக்குத் தெரு அக்கா, சுரைக்காய் ஒன்று, ஒரு கட்டு முருங்கைக்கீரை. ஆட்டோக்காரத் தம்பி, பெரியவளைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது, காசு வாங்கவில்லை. பக்கத்தில் ஸ்கேலால் ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் "திருப்பியது" என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி வெகு நாள் காலியாகவே கிடந்தது. எங்கள் பக்கம் மொய் நோட்டு இல்லாத வீடு இல்லை, அந்தப் பழக்கம்தான். வாங்கியதை மறக்கக் கூடாது, கொடுத்தவர் வாய்விட்டுக் கேட்கும்படி விடக் கூடாது. இதை நாத்தனாரின் வகுப்பில் நன்றி என்று ஒத்துக்கொள்வார்களோ என்னவோ.

பொங்கலுக்கு முந்தின வாரம், கதிர் முற்றி நிற்கும்போது கொட்டியது பாருங்கள் ஒரு மழை. நெல் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. அந்த மழை வடிந்த ஈரத்தில்தான் உளுந்து தெளித்தோம்.

தெரியாதவர்களுக்காக: சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, நெல் நிற்கும்போதே அதன் காலடியில் உளுந்தைத் தெளித்துவிடுவோம். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் மிச்சம் இருக்கிற ஈரமும் தை, மாசிப் பனியும்தான் அதற்குச் சோறு. ஆடுதுறை 3 என்ற ரகம் இதற்கென்றே பேர் போனது. அறுப்பு மெஷின் ஏறி முளையை நசுக்கிவிடுகிறது என்று பல பேர் இப்போது தெளிப்பதை விட்டுவிட்டார்கள். எங்கள் வயலிலும் பெல்ட் மெஷின் ஏறிய தடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. தடத்துக்கு வெளியே இருந்தது பிழைத்தது.

பங்குனியில் பிடுங்கினோம். பனி காய்வதற்குள் பிடுங்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் நெற்று கையிலேயே வெடித்துக் கொட்டிவிடும். இருட்டோடு போய், முந்தானையெல்லாம் நனைய, குனிந்த இடுப்பு நிமிராமல் வேலை. பிறகு தார் ரோட்டில் பரப்பினோம். பஸ்ஸும் டிராக்டரும் ஏறிப் போகப் போக ஓரத்தில் நின்று புரட்டிவிட்டோம். ரோட்டில் பரப்புவது தப்பு, பைக்கில் வருகிறவர்கள் சறுக்கி விழுகிறார்கள் என்று எழுதுவீர்கள், தெரியும். ஊருக்கு ஒரு களம் கட்டித்தரச் சொல்லி நீங்களும் ஒரு மனு கொடுத்துப் பாருங்கள். சாயங்காலக் காற்றில் தூற்றி, முறத்தில் புடைத்து எடுத்தபோது கறுகறுவென்று குவிந்தது. சின்னவள் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, "சில்லுனு இருக்கும்மா" என்று சிரித்தாள். நான் அதட்டவில்லை.

விற்பதற்கு முன்னால் நோட்டை எடுத்தேன். பெரியம்மாவுக்கு இரண்டு படி அளந்து கொண்டுபோனேன்.

"ஏண்டி, உழக்கு எண்ணெய்க்கு ரெண்டு படி உளுந்தா? நான் வட்டிக்கு விடறேன்னு ஊர் பேசப்போவுது."

மறுநாள் அதிலேயே வடை சுட்டு ஒரு தூக்கு நிறைய அனுப்பிவிட்டார். அதையும் எழுதிக்கொண்டேன். நீங்கள் கேட்கிற நிறைவு எனக்கு அன்றைக்கு இருந்தது. கையில் பணம் அப்போதும் இல்லை, நகையும் திரும்பவில்லை. கொடுக்கிற இடத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

அதற்காக எல்லாவற்றுக்கும் கை கூப்பச் சொல்லாதீர்கள். அதே வருஷம் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கக் கூடாது என்பது விதி, ஒத்துக்கொள்கிறேன். தார்ப்பாயை விரித்துக் காயவைத்து, ராத்திரி மூடிக் காவல் காத்து எடுத்துப்போன பிறகும், சிப்பத்துக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால்தான் தராசு நகர்ந்தது. எங்கள் வீட்டுக்காரர் சண்டை போட்டார். "எடுத்துக்கறதே பெருசுன்னு சந்தோஷப்படுங்க" என்றான் அங்கே இருந்த ஒருவன். இருப்பதை நினைத்து நன்றியோடு இரு என்று யாராவது சொன்னாலே எனக்கு அந்த ஆள் முகம்தான் ஞாபகம் வருகிறது. எளிமையாக வாழ்கிறவர்கள் வாயை மூடிக்கொண்டு வாழ வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது?

நாத்தனார் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அடுத்த வருஷம் அவள் மகளுக்குக் காதணி விழா வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? கடன் வாங்கிச் சீர்வரிசைத் தட்டு எடுத்துக்கொண்டு மேளத்தோடு போனோம். மண்டப வாசலில் பெரிய ஃபிளெக்ஸ். அவள் வீட்டுக்காரரின் முதலாளி ஆளுயரத்துக்கு நிற்கிறார். கட்சிக்காரர்கள் நாலு பேர். அலுவலக நண்பர்கள் என்று இரண்டு வரிசை. தாய்மாமன் எங்கே என்று தேடினால், கீழே ஓரத்தில் ஸ்டாம்பு அளவில், அதுவும் பத்து வருஷத்துக்கு முந்தைய ரேஷன் கார்டு போட்டோ. நன்றி நோட்டு கொடுத்தவளுக்கு அண்ணனின் படம் ஒன்று கேட்டு வாங்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரர் "விடு" என்றார். நான் விடவில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ரேஷன் கார்டில் முகவரியை மாற்றிவிட்டு வாருங்கள். வீடு பார்த்தால் கொல்லை இருக்கிற வீடாகப் பாருங்கள். ஒரு முருங்கை, ஒரு வாழை, நாலு கத்தரி போதும், மீந்ததைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள், அவர்கள் உங்களை மறக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக ஒரு தொகையைத் தொடாமல் வையுங்கள், 12,000-க்குள் அதை அடக்க முடியாது. பங்குனியில் வருவதாக இருந்தால் எங்கள் பக்கம் உளுந்து பிடுங்க ஆள் தேவைப்படும். கூலியை உளுந்தாகவே அளந்துவிடுவோம். ஆனால் நாலு மணிக்கு வயலில் நிற்க வேண்டும், எட்டு மணிக்கு வந்தால் வேலை கிடையாது.