கிரானுலர் சின்தில் ரிவெர்ப் உள்ளேயே எதற்கு?

வெளியே ஒரு ரிவெர்ப் பெடல் (ஒலியைப் பெரிய அறையில் கேட்பதுபோல நீட்டிப் பரப்பும் கருவி) இருக்கும்போது கிரானுலர் சின்துக்குள்ளும் (சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி) எதற்கு அது என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

கிரானுலர் என்றால் பதிவான ஒலியைச் சின்னச் சின்னத் துகள்களாக, பெரும்பாலும் 1 முதல் 100 மில்லி செகண்டுக்குள், நறுக்கி ஒன்றின்மேல் ஒன்றாகத் தூவுவது. 20 மில்லி செகண்டுக்கு ஒரு துகள் என்று சீராக விட்டால் நொடிக்கு 50 துகள், அதாவது நீங்கள் கேட்காத 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்று கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். துகள்கள் அடர்த்தி இல்லாமல் விழுந்தால் ஒலி பொரியல் மாதிரி உதிரி உதிரியாக இருக்கும். அந்த இடைவெளிகளை ரிவெர்ப் நிரப்பிவிடுகிறது. சரி, இதை வெளிப் பெடலும் செய்யும்.

பெடலால் முடியாதது ஃபீட்பேக்குக்குள், அதாவது வெளிவந்த ஒலியைத் திரும்ப உள்ளே அனுப்பும் சுற்றுக்குள், நடப்பது. 2014இல் வந்த மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கிளவுட்ஸ் என்ற கிரானுலர் மாட்யூலைப் பாருங்கள், அதன் நிரல் பொதுவெளியில் இருக்கிறது: டெக்ஸ்சர் குமிழைக் கடைசிக் கால் பகுதிக்குத் திருப்பினால் ரிவெர்ப் மாதிரியே துகள்களின் கூர்மையை மழுக்கும் டிஃப்யூசர் வேலை செய்யத் தொடங்கும், அப்படி மழுங்கிய ஒலிதான் திரும்பவும் பஃபருக்குள் (ஒலியைப் பதிந்து வைக்கும் நினைவகம்) போய் மறுபடி நறுக்கப்படுகிறது. ஆனால் ரிவெர்ப்பை அந்தச் சுற்றுக்கு வெளியே, கடைசியில் வைத்திருக்கிறார்கள், அது திரும்ப உள்ளே போவதில்லை. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு இது, ரிவெர்ப்பும் சுற்றிச் சுற்றி வந்தால் சீக்கிரமே எல்லாம் குழைந்து சேறாகிவிடும்.

புதிதாக வாங்கினால் முதலில் ரிவெர்ப்பை முழுக்கக் குறைத்துத் துகள்களை மட்டும் கேளுங்கள், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.