ஒரே பெயர், இரண்டு நோய்கள்: பயணிகளுக்கான மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றிய கேள்வி பதில்

கூத்தாநல்லூர் வாசகர்: மக்காவுக்கு உம்ரா யாத்திரை செல்கிறோம். மகனுக்குக் குழந்தையிலேயே மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று. மறுபடியும் வேண்டுமா, டாக்டர்?

வேண்டும். அவனுக்குப் போட்டது ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. அது வைரஸ் நோய். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் நம் வயல்களில் பெருகும் கொசு, பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் எடுத்துவந்து மனிதருக்குக் கொடுப்பது. சவூதி அரசு கேட்பதோ மெனிங்கோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் நான்கு வகைகளுக்கு எதிரான ஊசி. அக்கிருமி இருமல், எச்சில் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவி, மூளையை மூடியுள்ள உறையைத் தாக்குகிறது. பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுவிடுங்கள்.

அதிராம்பட்டினம் வாசகர்: 2000-க்கு முன் ஹஜ் சென்ற என் அத்தாவுக்கு இரண்டு வகைக்கான ஊசிதான் போட்டார்கள், நலமாகத் திரும்பினார். நான்கு வகை என்பது மருந்து வியாபாரம் அல்லவா?

அல்ல. 1987 ஹஜ்ஜில் ஏ வகைக் கிருமி பரவிய பிறகு கட்டாயமான ஊசி ஏ, சி வகைகளை மட்டும் தடுத்தது. 2000-இல் டபிள்யூ-135 வகை பரவியது; அதற்கு அந்த ஊசியில் பாதுகாப்பு இல்லை. ஊர் திரும்பிய ஹாஜிகளின் தொண்டையில் தங்கிய கிருமி, மக்காவையே பாராத வீட்டாரையும் பல நாடுகளில் தாக்கியது. அதன் பிறகே ஏ, சி, டபிள்யூ, ஒய் என்னும் நான்கு வகை ஊசி கட்டாயமானது.

அதே வாசகர்: அப்படியானால் ஊசி போட்டவரும் கிருமியைச் சுமந்து வரலாமே?

நல்ல கேள்வி, என் மறுமொழியில் விடுபட்டதும் அதுவே. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைப் பொருளை மட்டும் கொண்ட பழைய ஊசி, தொண்டையில் கிருமி தங்குவதை உறுதியாகத் தடுப்பதில்லை. அச்சர்க்கரையைப் புரதத்துடன் இணைத்துச் செய்த ஊசி அதை ஓரளவு குறைக்கிறது. அதன் சான்றிதழும் 3 ஆண்டுக்குப் பதில் 5 ஆண்டு செல்லும். வீட்டில் பேரக்குழந்தைகள் இருப்போர் அதையே கேட்டு வாங்குங்கள்.

நாகூர் வாசகர்: சிங்கப்பூர் செல்ல இந்த ஊசி வேண்டுமா?

கட்டாயமில்லை.

மன்னார்குடி வாசகர்: மகள் அமெரிக்காவில் படிக்கப் போகிறாள்.

விடுதியில் தங்கும் மாணவர்களிடம் பல பல்கலைக்கழகங்கள் இதே ஊசியைக் கேட்கின்றன. சேர்க்கைக் கடிதத்தைப் பாருங்கள்.

திருவாரூர் வாசகர்: 5 நாளில் விமானம். இன்று போட்டால் போதுமா?

10 நாள் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். எதிர்ப்பாற்றல் உருவாக உடல் எடுக்கும் காலம் அது. பயணச்சீட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு 4 நாள் முன்னதாக வந்து நின்ற ஒரு பெரியவரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்றே போட்டுக்கொண்டு, முகவரிடம் தேதியை மாற்றக் கேளுங்கள்.

நாகப்பட்டினம் வாசகர்: திரும்பியபின் காய்ச்சல் வந்தால்?

கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் கூசுதல் சேர்ந்திருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய் இது. கண்ணாடித் தம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். கருத்த தோலில் உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம் ஆகியவற்றில் தேடுங்கள். புள்ளி இல்லையென்றாலும் பெரிய மருத்துவமனைக்கே செல்லுங்கள். பயணம் போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள்.