கேட்டில் வண்டி நிற்பது தெரிந்தும் ரயிலை ஏன் நிறுத்த முடிவதில்லை?

கேள்வியில் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். லெவல் கிராசிங்கில் ஒரு வண்டி மாட்டிக்கொண்டு நிற்பது லோகோ பைலட்டுக்கு (ரயில் ஓட்டுநருக்கு) தூரத்திலேயே தெரியுமே, பிரேக் போட்டால் என்ன என்பது ஒன்று. நம் வண்டியே அப்படி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்பது இன்னொன்று. நான் ரயில்வே சிக்னல் பிரிவில் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கேட், ரிலே, டிராக் சர்க்யூட், இவற்றோடுதான் என் காலம் போனது. ரயில் ஓட்டியதில்லை. ஓட்டுபவர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன், அதில் ஒரு பேச்சைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பிரேக். போடத்தான் செய்கிறார்கள், பல விபத்துகளில் பிரேக் பிடித்தபடியேதான் ரயில் வந்து மோதுகிறது. 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் நகர்கிறது. எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் பயணிகள் ரயில் நிற்பதற்குள் முக்கால் கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ ஓடிவிடும், நீளமான சரக்கு ரயில் என்றால் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு நாணயம் அளவுதான். உருளும்போது உராய்வு குறைவு என்பதால்தான் ஆயிரக்கணக்கான டன்னை ஒரே இன்ஜினால் இழுக்க முடிகிறது, அதே காரணத்தால்தான் நிறுத்தவும் முடிவதில்லை. ரப்பர் டயருக்குத் தார்ச்சாலையில் கிடைக்கும் பிடியில் பாதிகூட இங்கே கிடைக்காது, மழை பெய்தால் இன்னும் மோசம். அதோடு, ரயில் பிரேக் காற்றில் வேலை செய்வது. குழாயில் அழுத்தம் இறங்கி அது கடைசி வண்டி வரைக்கும் போய்ச் சேரவே சில நொடிகள் ஆகும். வளைவோ மரமோ மறைத்து, 400 மீட்டரில்தான் உங்கள் வண்டி கண்ணில் பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இருப்பது 14 நொடி. ஒதுக்கி ஓட்ட அவருக்கு ஸ்டீயரிங்கும் இல்லை, ஹார்ன் ஒன்றுதான் மிச்சம்.

சரி, ரயில் வருவது சாலையில் இருப்பவருக்கும் தெரிகிறதே, அப்படியும் ஏன் குறுக்கே போகிறார்கள்? அவசரம், திமிர் என்று சொல்லிவிடுவது சுலபம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் கண்ணும் நம்மை ஏமாற்றுகிறது. பெரிய உருவங்கள் நிஜ வேகத்தைவிட மெதுவாக நகர்வதுபோல் தோன்றும் என்று ஹெர்ஷல் லெய்போவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-ல் லெவல் கிராசிங் விபத்துகளைப் பற்றியே எழுதினார். விமானம் இறங்குவதைப் பார்த்தால் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருக்குமே, அதே கதை. இதில் ஒரு சின்னக் கணக்கும் இருக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் நேராக உங்களைப் பார்த்து வரும் ரயில் 800 மீட்டரிலிருந்து 400 மீட்டருக்கு வரும்போது கண்ணுக்கு இரண்டு மடங்கு பெரிதாகிறது, அதற்கு 14 நொடி எடுக்கிறது. அடுத்த இரண்டு மடங்குக்கு 7 நொடி. அதற்கு அடுத்ததற்கு மூன்றரை. முதல் 14 நொடியில் அது நிற்பதுபோலவே இருக்கும், "போயிடலாம்" என்ற முடிவை ஆள் எடுப்பதும் அந்த நேரத்தில்தான்.

இதெல்லாம் தெரிந்த எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. வேலையில் சேருவதற்கு முன்னால், இளம் வயதில், மூடிய கேட்டின் அடியில் பைக்கைச் சாய்த்து எத்தனையோ முறை நுழைந்து போயிருக்கிறேன். ஒருமுறை ரயில் போய் முடிந்ததும் கேட் திறக்கவில்லை, எரிச்சலில் நுழைந்தேன். பக்கத்துத் தடத்தில் எதிர்த்திசையில் இன்னொரு ரயில். முதல் ரயிலின் கடைசிப் பெட்டி அதை மறைத்திருந்தது, அதன் சத்தத்தில் ஹார்னும் கேட்கவில்லை. பைக்கை விட்டுவிட்டுப் பின்னால் விழுந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இரட்டைத் தடத்தில் கேட் உடனே திறக்காமல் இருந்தால், கேட் கீப்பர் தூங்குகிறார் என்று அர்த்தமில்லை, இரண்டாவது ரயில் வருகிறது. இங்கிலாந்தில் எல்சன்ஹாம் ஸ்டேஷனை ஒட்டிய நடைபாதைக் கிராசிங்கில் 2005 டிசம்பரில் இரண்டு சிறுமிகள் இறந்தது இப்படித்தான்.

எல்லாப் பழியையும் சாலையில் போகிறவர் மேல் போட நான் தயாரில்லை. கேட்டும் தப்பு செய்யும், அதை அமைத்தவர்களும் தப்பு செய்வார்கள். 1967 ஜூலையில் கிழக்கு ஜெர்மனியில் லாங்கன்வெடிங்கன் என்ற ஊரில், வெயிலில் தொய்ந்து கிடந்த டெலிபோன் கம்பியில் கேட் மாட்டிக்கொண்டது. கேட் முழுதாக இறங்கவில்லை, ஆனால் ரயிலுக்குச் சிக்னல் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. பெட்ரோல் டேங்கர் ஒன்று உள்ளே வர, ரயில் அதில் மோதித் தீப்பிடித்து 94 பேர் இறந்தார்கள், அதில் 44 பேர் விடுமுறை முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த குழந்தைகள். எங்கள் ஆட்கள் இன்டர்லாக்கிங் இன்டர்லாக்கிங் என்று உயிரை வாங்குவது இதற்காகத்தான். கேட் மூடிப் பூட்டினால் ஒழிய சிக்னல் பச்சைக்கு வராது, சிக்னல் கொடுத்துவிட்டால் கேட்டைத் திறக்கவும் முடியாது. இது இல்லாத கேட்டில் எல்லாம் வாய்வார்த்தைதான். ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கேட் கீப்பர் மூடிவிட்டேன் என்பதற்கு உறுதியாக ஒரு பிரைவேட் நம்பர், அதாவது ரகசிய எண், கொடுப்பார், அதை நம்பி ரயிலை விடுவார்கள். அந்தச் சங்கிலியில் ஒரு மனிதர் ஒரே ஒருமுறை தவறினால் போதும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்த கேட், இன்டர்லாக்கிங் இல்லாத கேட். இந்தியாவில் அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரியோடு ஒழித்தார்கள், பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் ஆள் நிற்கிறார் என்பதும் பூட்டு இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

தானியங்கி கேட்டில் வேறு மாதிரி சிக்கல். 1968 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹிக்சனில் 120 டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிக்கொண்டு ஒரு ராட்சத டிரெய்லர், போலீஸ் துணையோடு, மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் தண்டவாளத்தைக் கடந்தது. ஆசாமி நடந்தாலே அதைவிட வேகமாகப் போவார். அந்த நீளத்துக்கு முழுதாகக் கடக்க ஒரு நிமிடமாவது வேண்டும், கேட் கொடுத்த எச்சரிக்கையோ 24 நொடி. மெதுவாகப் போகும் வண்டி கடப்பதற்கு முன் சிக்னல்மேனிடம் கேட்பதற்கு அங்கேயே டெலிபோன் இருந்தது, அறிவிப்புப் பலகையும் இருந்தது, யாரும் எடுத்துப் பேசவில்லை. ரயில் மோதி 11 பேர் போனார்கள். அமெரிக்காவில் ஃபாக்ஸ் ரிவர் குரோவில் 1995-ல் நடந்தது எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும். பள்ளிப் பேருந்து தண்டவாளத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் சாலைச் சிக்னலில் சிவப்புக்காக நின்றது. ஓட்டுநரைப் பொறுத்தவரை கடந்தாயிற்று. பேருந்தின் பின்பகுதி கொஞ்சம் தண்டவாளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது, 7 மாணவர்கள் இறந்தார்கள். ரயில் வருவதைச் சாலைச் சிக்னலுக்குச் சொல்லும் இணைப்பு இருந்தும், வண்டிகள் விலக அது கொடுத்த நேரம் போதவில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் இருந்தால் மட்டுமே தண்டவாளத்தில் ஏறுங்கள் என்று எங்கே போனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பின்னால் இருப்பவர் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

விளைவு என்று பார்த்தால், ரயிலுக்கு ஒன்றும் ஆகாது, காருக்குத்தான் சேதம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரி, எப்போதும் சரியில்லை. 2004-ல் இங்கிலாந்தின் உஃப்டன் நெர்வெட்டில் தண்டவாளத்தின் மேல் நின்ற ஒரே ஒரு காரில் மோதி எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. ரயில் டிரைவரும் கார்க்காரரும் சேர்த்து 7 பேர் இறந்தார்கள். 2015-ல் நியூயார்க் பக்கத்தில் வல்ஹாலாவில் கார் மீது மோதியபோது தண்டவாளத்தை ஒட்டி ஓடும் மின்சாரத் தண்டவாளம் பெயர்ந்து ரயில் பெட்டிக்குள்ளேயே குத்திக்கொண்டு நுழைந்தது. ஆஸ்திரேலியாவின் கெராங்கில் 2007-ல் லாரி ஒன்று ரயிலின் பக்கவாட்டில் போய் இடித்து, செத்த 11 பேரும் ரயில் பயணிகள். அவர்கள் யாரும் கேட்டைப் பார்க்கவே இல்லை.

அப்புறம் லோகோ பைலட். ஒரு விபத்துக்குப் பிறகு, கேட்டும் சிக்னலும் எந்த நொடியில் என்ன செய்தன என்று பதிவு செய்யும் டேட்டா லாகரிலிருந்து பதிவை எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கேட் மூடியது, பூட்டியது, சிக்னல் வந்தது, ரயில் டிராக்கில் நுழைந்தது, எல்லாம் நொடி சுத்தமாக வரிசையில் இருந்தது. எங்கள் பக்கம் பிழை இல்லை. பைக்கில் வந்தவர் மூடிய கேட்டில் குனிந்து நுழைந்திருக்கிறார், நான் ஒரு காலத்தில் செய்த அதே வேலை. அந்த லோகோ பைலட் ரிலே அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரும் எதுவும் கேட்காமலே "ஹார்ன் அடிச்சேன் சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னார். நான் காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பும்போது, "எத்தனை செகண்டு இருந்துச்சுன்னு அதுல வருமா?" என்று கேட்டார். அது இன்ஜினில் இருக்கும் வேகப் பதிவில் வரும், என்னிடம் இருந்த காகிதத்தில் வராது. சொன்னேன். அவர் தலையாட்டிய விதத்தில் அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. மாதங்கள் கழித்து அந்த கேட்டின் கீப்பர் என்னிடம் சொன்னார், அந்த லோகோ பைலட் ஓட்டும் வண்டி என்றால் முன்கூட்டியே தெரிந்துவிடுமாம், கேட்டுக்கு முன்னால் ஹார்ன் அடிக்கச் சொல்லும் போர்டிலிருந்து கேட்டைத் தாண்டும் வரை ஹார்னிலிருந்து கையை எடுக்க மாட்டாராம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. வண்டி தண்டவாளத்தில் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் இறங்கி வெளியே போக வேண்டும். பையை எடுக்கிறேன், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறேன் என்பதெல்லாம் கூடாது. ரயில் வருவது தெரிந்தால், தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். மோதினால் வண்டியின் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும், அந்தப் பக்கம் ஓடினால் உங்கள் வண்டியே உங்களைத் துரத்தி வந்து அடிக்கும். பாதுகாப்பான தூரம் போனதும் தகவல் சொல்லுங்கள். கேட் கீப்பர் இருந்தால் அவரிடம். அவர் சிவப்புக் கொடியோடு ரயிலை நோக்கி ஓடி, சக்கரம் ஏறினால் சத்தமாக வெடித்து லோகோ பைலட்டை எச்சரிக்கும் டெட்டனேட்டரைத் தண்டவாளத்தில் வைப்பார், அதற்கு ஒவ்வொரு நொடியும் வேண்டும். ஜப்பானில் பல கிராசிங்கில் அவசர பட்டன் இருக்கும், அமெரிக்காவில் நீலப் பலகையில் போன் நம்பரும் கிராசிங் எண்ணும் இருக்கும்.

வண்டி ஓடும் நிலையில் இருந்து, இரண்டு பக்கமும் கேட் இறங்கி நடுவில் சிக்கிக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம், நேராக முன்னால் ஓட்டி கேட்டை இடித்துக்கொண்டு வெளியே போங்கள். கேட் உடைந்துவிடுமே, அபராதம் போடுவார்களே என்று உள்ளேயே நின்றவர்கள் உண்டு. தானியங்கி கேட்டுகளின் பூம், அதாவது குறுக்கே இறங்கும் கம்பம், பெரும்பாலும் இடித்தால் உடைகிற மாதிரியேதான் செய்யப்படுகிறது. உடைந்ததை எங்கள் ஆட்கள் வந்து மாற்றுவார்கள். என் சர்வீஸில் நானே எத்தனையோ மாற்றியிருக்கிறேன், பூம் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை.