‘ஐஎஸ்ஓ அங்கீகாரம் பெற்ற’ தீயணைப்புப் படிப்பில் சேரலாமா?

கேள்வி: பள்ளி இறுதித் தேர்வு எழுதியிருக்கும் என் மகனுக்குத் தீ அறிவியல் படித்துத் தீயணைப்புத் துறையில் சேர ஆசை. ஆறு மாத டிப்ளமா ஒன்று இருப்பதாகவும், அதற்கு ஐஎஸ்ஓ அங்கீகாரமும் நூறு சதவீத வேலை உறுதியும் உண்டு என்றும் ஒரு கல்வி ஆலோசகர் சொல்கிறார். இரண்டு நாளில் முன்பணம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இரண்டு நாள் கெடு வைப்பவர், நீங்கள் மூன்றாம் நாள் விசாரித்துவிடுவீர்கள் என்று பயப்படுகிறார்.

முதலில் அந்த ‘ஐஎஸ்ஓ’வைப் பார்ப்போம். சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த 9001 என்பது ஒரு நிறுவனம் தன் அலுவல்களை ஒழுங்கான முறையில் நடத்துகிறதா என்று பார்க்கும் தர முறை. பிஸ்கட் தொழிற்சாலையும் அதை வாங்கலாம். ஒரு கல்வி நிறுவனத்தில் நடக்கும் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாக யாருக்கும் சான்று தருவதுகூட இல்லை; தணிக்கை நிறுவனங்கள்தாம் தருகின்றன. படிப்புக்கான அங்கீகாரம் என்றால், அதைப் பல்கலைக்கழகமோ அரசின் கல்வி அமைப்போ எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் மகனுக்கு எந்த வேலை வேண்டும்? தீயணைப்பு வீரராக வேண்டுமென்றால் பெரும்பாலும் டிப்ளமாவே தேவையில்லை. எழுத்துத் தேர்வு, உடல்தகுதித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை வைத்து ஆளெடுத்து, பயிற்சியைத் துறையே சம்பளத்தோடு தருகிறது. கட்டடங்களுக்குத் தீயணைக்கும் நீர்த் தெளிப்பான், புகை வெளியேற்றம், தப்பும் வழி ஆகியவற்றை வடிவமைக்க ஆசை என்றால் பொறியியல் பட்டம் வேண்டும். அதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் பிடிப்பு வேண்டும்.

இதில் ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பணம் வாங்குபவர் யாரும் இதைச் சொல்வதில்லை. சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால் பல தீயணைப்புத் துறைகள் மருத்துவப் பரிசோதனையிலேயே நிராகரித்துவிடும். வாயு உருளையின் நிறம், எச்சரிக்கை விளக்கு எல்லாம் ஒரு பார்வையில் தெரிய வேண்டிய வேலை இது. இந்தக் குறை பெண்களைவிட ஆண்களிடம் மிக அதிகம். பலருக்குத் தமக்கு இருப்பதே தெரியாது. கண் மருத்துவரிடம் இஷிஹாரா பரிசோதனை கேளுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் மறைந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும், சில நிமிட வேலை. குறை இருந்தாலும் மனம் உடைய வேண்டாம். வடிவமைப்பு, ஆய்வகம், காப்பீட்டு மதிப்பீடு போன்ற பணிகள் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன.

நான் எடுத்த ஒரு வேலை நேர்காணலுக்கு ஓர் இளைஞர் பதினொரு சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்தார். புகைக்குள் போகும்போது மாட்டும் சுவாசக் கருவியை அணியச் சொன்னேன். காற்று உருளையின் வால்வைத் திறக்காமலே முகமூடியை மாட்டினார். மூச்சை இழுத்ததும் அது முகத்தோடு ஒட்டிக்கொண்டது, பதறிக் கழற்றினார். அவரிடம் பணம் வாங்கியவர்கள் ஒரு முறைகூட அதை அவர் தோளில் ஏற்றவில்லை. எனக்குக் கோபம் அந்தப் பிள்ளைமீது இல்லை. ‘பாதுகாப்புச் சான்றிதழ் அவசியம்’ என்று மொட்டையாக வேலை விளம்பரம் கொடுக்கிறார்களே, அவர்கள்மீதுதான். எந்தச் சான்றிதழ், யார் தந்தது என்று ஒரு வரி சேர்த்தால் இந்தத் தரகர்களில் பாதிப் பேர் கடையை மூடிவிடுவார்கள்.

‘பாடப் பொருள் தொகுப்பு’ என்று விற்பதையும் வாங்காதீர்கள். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏவின் விதிநூல்களை அதன் தளத்திலேயே இலவசமாகப் படிக்கலாம். தீயையும் புகையையும் கணினியில் கணிக்கும் எஃப்டிஎஸ் மென்பொருளும் 2000 முதல் இலவசம்.

மகனின் நாட்டம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா? மெழுகுவத்தியை நன்றாக எரியவிட்டு ஊதி அணையுங்கள். எழும் வெண்புகையில், திரிக்கு ஓர் அங்குலம் மேலே, எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். அந்த வெண்புகை எரியாமல் தப்பிய மெழுகு. மூடிய அறையில் தீப்பிடித்தாலும் இப்படி எரியாத புகை நிறைந்திருக்கலாம்; கதவைச் சட்டென்று திறந்தால் காற்று புகுந்து அது பற்றிக்கொள்ளும், அந்த ஆபத்தும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. ‘ஏன் அப்படி?’ என்று அவன் துளைத்தெடுத்தால் பொறியியல் பட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். ‘அந்தக் கதவை நான் திறக்க வேண்டும்’ என்றால் நாளை காலை முதல் ஓடப் பழகட்டும்.